கண்ணின் வெள்ளை

“அந்த போனை இப்படிக் கொடுங்க” என்று நாரே கையை நீட்டினாள்.

இறுதிச் சடங்குக் கூடத்து அலுவலகக்காரர் கொடுக்கவில்லை. அதற்குள் அதை வயரில் பொருத்தித் தன் கணினியோடு இணைத்துவிட்டிருந்தார். திரையில் அம்மாவின் முகம் பிசிறடித்துத் தெரிந்தது. அது படம்கூட இல்லை, படத்தைப் பார்த்து எடுத்த படம். அம்மாவின் சாற்றுக் கடைச் சுவரில் மாட்டியிருந்த கறுப்பு வெள்ளைப் படத்தை அண்ணி போனில் பிடித்து வந்திருந்தாள். சட்டத்தின் கண்ணாடியில் குழல்விளக்கு பட்டு அம்மாவின் நெற்றியில் வெள்ளைக் கோடு ஒன்று விழுந்திருந்தது.

“ஒரு மணி நேரத்துல முடிச்சுடுவோம் மேடம். தினம் மூணு நாலு பண்றோம். இந்தக் கோட்டை அழிச்சு, கழுத்துக்குக் கீழ கறுப்பு உடுப்பு மாட்டி, பின்னால லேசா நீலம் வெச்சு…”

“எங்கம்மா கழுத்துக்குக் கீழ நீங்க எதையும் மாட்ட வேண்டாம்.”

“நாரே” என்றான் பின்னாலிருந்து அண்ணன் இன்தே. கறுப்புக் கோட்டின் கையில் மூத்த மகனுக்கான கோடு போட்ட பட்டையை ஊசியால் குத்திக்கொண்டிருந்தான். “அவர் வேலையை அவர் பாக்கட்டும். பதினோரு மணிக்கெல்லாம் ஜனங்க வந்துடுவாங்க. பூவெல்லாம் அடுக்கியாச்சு. நடுவுல வெறும் சட்டம் நிக்குது.”

“நிக்கட்டும். பதினேழு வருஷமா எவன் எவன் கல்யாணத்துக்கோ முகம் துடைச்சு விடறேன். பெத்தவ முகத்தை வேற ஆளு துடைக்கணுமா?”

அவளே வயரைப் பிடுங்கிப் போனை அண்ணியின் கையில் வைத்தாள். அலுவலகக்காரர் மூக்குக்கண்ணாடியை ஏற்றிக்கொண்டு இன்தேயைப் பார்த்தார். இப்படி எத்தனையோ பார்த்திருப்பார் போலிருந்தது.

காலையிலிருந்தே நாரேக்கு யார்மேலாவது எரிந்து விழவேண்டும் போலிருந்தது. ஐந்தரை மணிக்கு ஜின்ஜு ஆஸ்பத்திரியில் அம்மாவின் மூச்சு நின்றது. நர்ஸ் உள்ளே வந்ததும் முதல் வேலையாக ஜன்னல் திரையை இழுத்துவிட்டாள். “எதுக்கு மூடறீங்க, அவங்களுக்குக் கண்ணு கூசுதா?” என்று நாரே கேட்டாள். சொந்த ஊர் ஹாதோங்குக்குத் திரும்பும் வழியில் வண்டிக்காரர் ரேடியோவை முணுமுணுக்க விட்டிருந்தார், அவருக்கும் கிடைத்தது. அண்ணி கடற்பாசி சுற்றிய சோற்று உருண்டையை நீட்டினாள். “அதை நீங்களே முழுங்குங்க” என்றாள். யார்மேல் விழுந்தும் அது தீரவில்லை. உள்ளங்கையில் முள் ஏறினால் தடவத் தடவ இடம் தெரியாமல் வலிக்குமே, அப்படி இருந்தது.

சடங்குக் கூடத்துக்குப் பின்னால் குடும்பத்தார் உட்காரவும் படுக்கவும் ஒரு சின்ன அறை உண்டு. தரை இளஞ்சூடாக இருந்தது. மூலையில் மடித்த கம்பளிகள், காகிதக் கிண்ணங்கள், யாரோ விட்டுப்போன செருப்பு. நாரே குட்டை மேசையை விரித்து மடிக்கணினியை வைத்தாள். அண்ணி பின்னாலேயே வந்து கறுப்புத் துக்க உடையைச் சுருட்டியபடி அவள் பக்கத்தில் வைத்தாள்.

“முதல்ல இதைக் கட்டிக்கோயேன். வர்றவங்க பாத்தா…”

“பாத்தா பாக்கட்டும்.”

அண்ணி போய்விட்டாள்.

நாரே தேகுவில் ஒரு கல்யாண ஸ்டுடியோவில் வேலை செய்தாள். படம் எடுப்பவள் இல்லை. எடுத்து வந்த படங்களைப் பின்னறையில் உட்கார்ந்து சரிசெய்பவள். வாரத்துக்கு ஆயிரம் படம், சீசனில் ஆயிரத்து ஐந்நூறு. வேறு நிறம் கண்ணில் கலந்துவிடக் கூடாதென்று அந்த அறையின் சுவர்கள் சாம்பல் நிறத்தில் இருக்கும். கிளிப்பச்சைச் சட்டை போட்டு வந்தால் முதலாளி வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடுவார். “நாரே கண்ணை ஏமாத்த முடியாதுப்பா” என்பார் வருகிறவர்களிடம்.

அவளுடைய கை பேசியது கறுப்பு வெள்ளையில். இப்போதைய ஜோடிகளுக்கு ஆல்பத்தில் நாலு பக்கமாவது அப்படி வேண்டும், தாத்தா காலத்துப் படம் மாதிரி, லேசான பழுப்போடு. எடுப்பது வண்ணத்தில்தான். பிறகுதான் வண்ணத்தை உரிப்பது. வெறுமனே உரித்தால் எல்லாம் சாம்பலாகிச் சோற்றுக்கஞ்சி மாதிரி இருக்கும். சிவப்பு எந்தச் சாம்பலாக வேண்டும், பச்சை எந்தச் சாம்பலாக வேண்டும் என்று ஒவ்வொரு நிறத்துக்கும் தனித்தனியே சொல்லவேண்டும். மஞ்சளைத் தூக்கிவிட்டால் முகம் ஒளிரும். சிவப்பை இறக்கினால் உதடு அழுத்தமாகும். கடைசியில் நிழல்களில் மட்டும் தேநீர்க் கறை அளவுக்குப் பழுப்பு. பரு, தழும்பு, முதல்நாள் அழுத கண் எல்லாம் அதில் காணாமல் போய்விடும்.

அம்மாவின் எழுபதாம் பிறந்தநாள் விருந்துக்கு அவள் வரவில்லை. ஏப்ரல் கடைசிச் சனிக்கிழமை, தேகுவில் மட்டும் மூன்று கல்யாணம். “வேலையைப் பாருடி. சோறு எங்கே ஓடிப் போகுது?” என்றாள் அம்மா போனில். ஒரு வாரம் கழித்து இன்தே படங்களை அனுப்பினான். சித்தப்பா மகன் புதுக் கேமராவில் எடுத்தவை. அம்மாவே பெரிதாகத் தெரியும் ஒன்றைக் குறிப்பிட்டுக் கேட்டிருந்தான்: ‘இதைக் கறுப்பு வெள்ளையில் போட்டுக் கொடு. கடைச் சுவருக்கு. பழைய கடை மாதிரி இருக்கும்.’

போட்டுக் கொடுத்தாள். இன்தே அதைப் பெரிதாக அச்சடித்து மாட்டினான். ஆற்று மட்டிச் சாறு கல்லீரலுக்கு நல்லது, குடித்த மறுநாள் தலைப்பாரம் இறங்கும் என்று எழுதிய பலகைக்கு நேர் கீழே. அம்மா போன் செய்து, “என்னடி, என்னை நடிகையாக்கிட்டே! நேத்து ஒரு லாரிக்காரன் இது உங்க தங்கச்சியான்னு கேக்கறான்” என்று சிரித்தாள்.

அந்தப் படம் சுவருக்காகச் செய்தது. முகத்தை மட்டும் வெட்டியெடுக்க மூலப்படத்துக்குப் போயாக வேண்டும். நாரே எந்த மூலப்படத்தையும் அழிப்பதில்லை. கோப்பைத் திறந்தாள். செய்ததையெல்லாம் ஒரே தட்டில் பின்வாங்கும் பொத்தானை அழுத்தினாள்.

நிறங்கள் திரும்பி வந்தன.

முதலில் அம்மாவின் மேல்சட்டைதான் கண்ணில் பட்டது. பளீரென்ற இளம்பச்சை. அம்மா அதைத் தானே துணிக்கடையில் நின்று பொறுக்கினாள், போனில் அரை மணி நேரம் அதைப் பற்றியே பேசினாள். உதட்டில் ரோஸ் சாயம். வாயைத் திறந்து, மேல்வரிசையில் கட்டிய பல் தெரிய, யாரையோ பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். முன்னால் வெள்ளை மாவுப் பணியாரக் கோபுரம், வெள்ளை விரிப்பு. பணியாரம் வெள்ளையாக இருந்தது. விரிப்பு வெள்ளையாக இருந்தது. பக்கத்தில் பாதி வெட்டுப்பட்டு நின்ற சித்தப்பாவின் சட்டைக் காலர் வெள்ளையாக இருந்தது.

அம்மாவின் கண் வெள்ளையாக இல்லை.

நாரே படத்தைப் பெரிதாக்கினாள். மேலும் பெரிதாக்கினாள். பவுடர் முகத்தை மூடியிருந்தது, ஆனால் காதுக்குக் கீழே பூச மறந்த இடம் ஒன்று இருந்தது. கழுத்து மடிப்பிலும் அதே நிறம். கண்ணில் பூச முடியாதே.

ஏப்ரல். அம்மாவை ஜின்ஜுவில் சேர்த்தது ஜூன் நடுவில். பித்தக் குழாயில் கட்டி என்றார்கள். “ரெண்டு மாசம் முன்னாடி வந்திருந்தா அறுத்து எடுத்திருக்கலாம்” என்றார் டாக்டர். “ஒரு வாரமாத்தான் சார் மஞ்சளா இருக்கு. அதுக்கு முன்னாடி ஒண்ணுமே தெரியலை” என்று இன்தே சொன்னான். நாரே அவன் பக்கத்தில்தான் நின்றாள். ஒன்றுமே தெரியாதபோது யாரைக் குற்றம் சொல்வது என்று தன்னைத் தேற்றிக்கொண்டு மூன்று மாதம் சனிக்கிழமைதோறும் பஸ் ஏறினாள்.

“அண்ணே!”

அவள் குரல் கூடத்தைத் தாண்டி வாசல்வரை போயிருக்கும். இன்தே செருப்பை உதறிவிட்டு உள்ளே வந்தான்.

“முடிஞ்சுதா?”

“கதவைச் சாத்து. இது எந்தத் தேதி?”

“எது?”

“இந்தப் படம்.”

“அம்மா எழுபது. ஏன்?”

“அம்மா கண்ணைப் பாரு.”

இன்தே பார்க்கவில்லை. கைப்பட்டை நழுவாமலே இருந்தும் அதை மேலே இழுத்துவிட்டுக்கொண்டான். தெரியாதவனாக இருந்தால் குனிந்து பார்த்திருப்பான்.

“உனக்குத் தெரியும்” என்றாள் நாரே.

“மெதுவாப் பேசு. வெளியில ஆளுங்க வந்துட்டாங்க.”

“டாக்டர் முன்னாடி என்ன சொன்னே? ஒரு வாரம்னு சொன்னே. கூசாம சொன்னே. எப்பத் தெரியும்?”

“ஏப்ரல் ஆரம்பத்துல.”

“அப்புறம்?”

“மேட்டுத் தெரு கிளினிக்குக்குக் கூட்டிட்டுப் போனேன். ரத்தம் எடுத்துப் பாத்துட்டு, உடனே ஜின்ஜு போங்கன்னாங்க. அம்மா வரமாட்டேன்னுட்டா. இப்பத்தான் மட்டி சதை பிடிக்குது, கடையைப் பூட்டிட்டு எங்கடா வர்றது, ஜூன் போகட்டும்னா. உன்கிட்ட வாயைத் திறந்தா ஆத்துல குதிச்சுடுவேன்னா.”

“அவ சொன்னா. நீ தலையாட்டினே. உனக்கு நாப்பத்தஞ்சு வயசு.”

“அவகிட்ட முடியாதுன்னு சொல்லி ஜெயிச்சவன் யாரு? அப்பா ஜெயிச்சாரா?”

“கறுப்பு வெள்ளை யார் கேட்டது?”

அவன் கைப்பட்டையின் ஊசியைத் திருகினான்.

“அதுவும் அம்மா கேட்டாளா? சொல்லு. பழைய கடை மாதிரி இருக்கும்னு எழுதினது யாரு?”

“நான்தான்.”

“எதுக்கு?”

இன்தே மூடிய கதவைப் பார்த்துக்கொண்டு சொன்னான். “கல்லீரலுக்கு நல்லதுன்னு பலகை தொங்குது. அதுக்குக் கீழ மஞ்சக் கண்ணோட கடைக்காரி படம் தொங்கினா எவன் வந்து குடிப்பான்?”

நாரே சிரித்தாள். அது சிரிப்பு மாதிரி இல்லை. “அவளுக்கும் அதையே ஊத்தினியா?”

“தினம் மூணு கிண்ணம். அவளே கேட்டு வாங்கிக் குடிச்சா. அதுல குணமாகும்னு நெசமாவே நம்பினா, நாரே. நானும் நம்பினேன். முப்பது வருஷமா வர்றவன் போறவனுக்கெல்லாம் சொல்லிச் சொல்லி…”

அவள் கைக்கு அகப்பட்டது துக்க உடைதான். சுருட்டியபடியே அவன் முகத்தில் எறிந்தாள். அதில் குத்தியிருந்த ஊசி அவன் கன்னத்தைக் கீறியது. அவன் கையை வைத்துப் பார்த்தான். விரலில் ஒரு பொட்டு ரத்தம். அதைக் கால்சட்டையில் துடைத்தான்.

“அடி. இன்னும் அடி” என்றான். பிறகு அவன் குரல் மாறியது. “ஆனா நான் உனக்கு அனுப்பினது கறுப்பு வெள்ளை இல்லையே.”

“என்ன?”

“கலர்ல அனுப்பினேன். அத்தனையும் கலர்ல. பாலத்தடியில ஒரு ஸ்டுடியோ இருக்கு, நடந்தா அஞ்சு நிமிஷம். அவன்கிட்டக் கொடுத்திருந்தா சாயங்காலமே முடிச்சிருப்பான். எதுக்கு உனக்கு அனுப்பினேன்?”

நாரே அவனைப் பார்த்தாள்.

“நீ பாத்துடுவேன்னு நெனச்சேன். உன் கண்ணுல படாம எது போகும்? பாத்துட்டுக் கத்துவே, கத்திக்கிட்டே பஸ் ஏறி வருவே, அவ தலைமயிரைப் பிடிச்சு ஜின்ஜுவுக்கு இழுத்துட்டுப் போவேன்னு நெனச்சேன். எனக்கு அது முடியாது. உனக்கு முடியும். நான் வாயைத் திறக்கலைன்னு அம்மாகிட்ட சத்தியம் பண்ணிக்கலாம். ரெண்டு நாள் போனைக் கீழ வைக்கலை. சாறு ஊத்தறப்பகூட மடியிலயே வெச்சிருந்தேன். மூணாம் நாள் படம் வந்துச்சு. கூடவே ஒரு வரி எழுதியிருந்தே. நெனப்பிருக்கா?”

நினைவிருந்தது. ‘அம்மா பத்து வயசு குறைஞ்சிட்டாங்க. ஹால் லைட்டுதான் மோசம்.’

“அப்போ எது நெசம்? கடைக்காகவா, நான் பாக்கணும்னா?”

“ரெண்டும்தான்” என்றான் இன்தே.

வெளியே யாரோ பெருங்குரலெடுத்து அழத் தொடங்கினார்கள். மூத்த மகன் நிற்கவேண்டிய இடம் காலியாகக் கிடந்தது. அவன் துக்க உடையை எடுத்து, மடித்து, கம்பளிகளின் மேல் வைத்துவிட்டுப் போனான்.

நாரே திரையின் பக்கம் திரும்பினாள். படம் திருத்தும் அந்த நிரல் எதையும் மறப்பதில்லை. எந்தப் படத்துக்கு எந்தெந்த வரிசையில் எதைச் செய்தோம் என்று ஓரத்தில் பட்டியல் போட்டு வைத்துக்கொள்ளும். பின்வாங்கியபோதும் பட்டியல் அழியவில்லை, மங்கலாக நின்றது. மே மூன்றாம் தேதி, பிற்பகல் மூன்று பத்து.

முதல் வேலை: வெள்ளையைக் காட்டுவது. விளக்கின் நிறம் படத்தில் ஏறியிருந்தால், இதுதான் வெள்ளை என்று ஒரு புள்ளியைத் தொட்டுக் காட்டவேண்டும். நிரல் அதை வெள்ளையாக்கி, மற்றதையெல்லாம் அதற்கேற்ப நகர்த்தும். பட்டியலின் முதல் வரியை அழுத்தினாள். அவள் தொட்ட புள்ளி எதுவென்று ஒரு சின்ன வட்டம் காட்டியது. வெள்ளைப் பணியாரம் இருந்தது, வெள்ளை விரிப்பு இருந்தது, காலர் இருந்தது. அவள் தொட்டது அம்மாவின் இடது கண்ணை.

முகத்தைச் சரியாக்க வேண்டுமானால் கண்ணைத் தொடு என்பது கை பழகிய பாடம். மஞ்சள் கண்ணை வெள்ளையாக்கியதில் மற்றதெல்லாம் நீலமடித்தது. இப்போது அவளுக்குத் தெளிவாக ஞாபகம் வந்தது. விரிப்பு நீலம், பணியாரம் நீலம், சித்தப்பா பனியில் விறைத்தவர் மாதிரி நீலம். ‘சே, என்ன கேமராடா இது’ என்று திட்டினாள். வலது கையில் மவுஸ், இடது கையில் பாதி தின்ற ரொட்டி. எப்படியும் கறுப்பு வெள்ளைதானே, நீலம் தெரியவா போகிறது. இரண்டாவது வரி: வண்ணம் நீக்கம். மூன்றாவது: மஞ்சள், மேலே. அதிகபட்சம். நான்காவது: நிழலில் பழுப்பு.

மூன்று பதினான்குக்குப் படம் முடிந்திருந்தது. நான்கு நிமிடம். அடுத்த கோப்பு ஏதோ ஒரு மணமகளின் கால்.

உலகத்தில் ஒரே ஓர் ஆளைத் தவிர எல்லாரையும் திட்டித் தீர்த்தாகிவிட்டது, இப்போது அந்த ஆளும் வந்து எதிரே உட்கார்ந்தாயிற்று. திரை இருண்டபோது கண்ணாடியில் அவள் முகம் தெரிந்தது. மடிக்கணினியை ஓங்கி மூடினாள். உடனே திறந்தாள். படம் வேண்டுமே.

கதவு தட்டப்பட்டது. “மேடம், சட்டம் காலியா நிக்குது. உறவுக்காரங்க கேக்கறாங்க” என்றார் அலுவலகக்காரர்.

பழைய நான்கு வரிகளையும் அப்படியே திரும்பப் போட ஒரு தட்டுப் போதும். பத்து வயது குறைந்த அம்மா, பழுப்பு நிழலில், யாருக்கும் தொந்தரவில்லாமல் வந்து நிற்பாள். நாரேயின் விரல் அந்த வரியின் மேல் கொஞ்ச நேரம் நின்றது. பிறகு நான்கையும் ஒவ்வொன்றாகத் தேர்ந்து அழித்தாள். தோள்வரை வெட்டினாள். வேறு எதையும் தொடவில்லை. காதுக்குக் கீழே பவுடர் படாத இடத்தைக்கூட விட்டுவிட்டாள். சரியான காரியம் என்று அவளுக்குத் தோன்றியதா என்றால், இல்லை. சரி தப்பெல்லாம் அப்போது அவள் பக்கத்திலேயே இல்லை. கோபம் ஒன்றுதான் இருந்தது.

துக்க உடையை மாட்டிக்கொண்டு, நாடாவை முடிந்துகொண்டே அலுவலகத்துக்குப் போனாள். அவர் கோப்பைத் திறந்தார். கண்ணாடியை ஏற்றிக்கொண்டார்.

“கொஞ்சம் மஞ்சள் அடிக்குதே மேடம். ஹால் லைட் போல.”

“ஹால் லைட் இல்லை.”

“ஒரு தட்டு தட்டினா போயிடும். நம்ம மெஷின்லயே…”

“தட்டினீங்கன்னா உங்க மெஷினைத் தூக்கி வாசல்ல போடுவேன்.”

அவர் அவளைப் பார்த்தார். திரையைப் பார்த்தார். இந்த முறை நிதானமாக, கண் இருக்கும் இடத்தைப் பார்த்தார். தினம் நாலு முகம் பார்க்கிறவர்தானே. “சரிங்க” என்று மெதுவாகச் சொல்லிவிட்டு அச்சுப்பொறியில் தாளை வைத்தார்.

வெள்ளைச் செவ்வந்திகளுக்கு நடுவே படத்தை நாரேயே தூக்கி வைத்தாள். அத்தனை வெள்ளைக்கு நடுவில் அந்தக் கண் தனித்துத் தெரிந்தது. உள்கூடத்தில் மாட்டுக்கறிச் சாறு பரிமாறிக்கொண்டிருந்த அண்ணி, தட்டோடு வாசற்படியில் நின்றுவிட்டாள்.

“இது என்ன கோலம்? எடு அதை, நாரே. ஊரே வரப்போகுது. அந்த லாரிக்காரங்க, ரோடு போடற ஆபீஸ்காரங்க எல்லாரும்…”

“வரட்டும். வந்து பாக்கட்டும்.”

“என்னங்க, நீங்களாவது சொல்லுங்க!”

இன்தே திரும்பி அண்ணாந்து பார்த்தான். காலையிலிருந்து அப்போதுதான் பார்த்தான். கன்னத்தில் கீறல் காய்ந்து கறுத்திருந்தது. “இருக்கட்டும்” என்றான்.

அந்த நேரத்தில்தான் பூனி வந்தாள். முப்பது வருஷம் அம்மாவோடு இடுப்பளவு ஆற்றில் நின்று மட்டி வாரியவள். ஆற்றிலிருந்து நேராக வந்திருந்தாள், ரப்பர் காலுறையின் ஈரம் வாசலில் தடம் போட்டது. வாய் நிறைய அழுகையோடு உள்ளே நுழைந்தவள், படத்தைப் பார்த்ததும் அழுகையை நிறுத்திவிட்டாள்.

“யாரு வெச்சது இதை?”

“நான்தான்” என்றாள் நாரே.

“ஏண்டி, உங்கம்மா உனக்கு என்னடி பண்ணினா?”

நாரே துக்க உடையின் நாடாவை இறுக்கி முடிந்தாள்.

“மார்ச்சுலயே நான் உங்கம்மாகிட்ட சொன்னேன், ‘ஏய் மால்சூன், உன் கண்ணு மஞ்ச முள்ளங்கி ஊறுகா மாதிரி இருக்குடி’ன்னு. ‘நீ தண்ணியைப் பாத்து மட்டி வாரு, என் கண்ணை எதுக்குப் பாக்கறே’ன்னா. அன்னையிலேருந்து கறுப்புக் கண்ணாடி போட்டுக்கிட்டுத்தான் ஆத்துல எறங்கினா, கழுதை. கடையில போய் நல்ல பவுடரா வாங்கிக்கொடுன்னு என்னைத்தான் அனுப்பினா. ஒருத்தர் கண்ணுலயும் படக்கூடாதுன்னு மூணு மாசம் பூசிப் பூசி வெச்சதை, இப்ப அவ எழுந்து வந்து சண்டை போட முடியாதுன்னு…” பூனி மூச்சு வாங்கினாள். “நானும்தான் வாங்கிக் கொடுத்தேன். நல்ல பவுடர்.”

யாரும் அவளைத் தேற்ற வரவில்லை. அவள் காலுறையைக் கழற்றி வாசலில் விட்டாள். முழங்காலைப் பிடித்துக்கொண்டு கீழே இறங்கி, படத்துக்கு முன் நெற்றி தரையில் பட வணங்கினாள். எழ முடியாமல் தடுமாறியபோது நாரே கை கொடுத்தாள். பூனி அந்தக் கையைத் தட்டிவிட்டுத் தானே எழுந்து, இரண்டாம் முறை வணங்கினாள். எழுந்து நகரும்போது படத்தை இன்னொரு தடவை ஏறிட்டாள்.

“அந்தச் சட்டை மட்டும் நல்லாத்தான் இருக்கு” என்று சொல்லிவிட்டு உள்கூடத்துக்குப் போனாள்.

பிறகு வரிசையாக வந்தார்கள். ஒவ்வொருவரும் ஒரு செவ்வந்தியை வைப்பார்கள், பத்தி கொளுத்துவார்கள், நிமிர்வார்கள். நிமிரும்போது ஒரு கணம் நிற்பார்கள். பிறகு பக்கத்தில் நின்ற மகனையும் மகளையும் பார்ப்பார்கள். கேட்க வாயெடுத்தவர்களும் கேட்கவில்லை. ஒருவர் மட்டும் தன் கண்ணை விரலால் தேய்த்துக்கொண்டார். உள்கூடத்தில் போய் உட்கார்ந்த பிறகு அவர்களின் குரல்கள் தாழ்ந்து ஒலித்தன. ‘ஏப்ரல்’ என்ற சொல் நாரேயின் காதில் விழுந்தது. அண்ணனின் காதிலும் விழுந்திருக்கும். அவர்கள் இருவருக்கும் இடையே ஓர் ஆள் நிற்கும் அளவு இடம் இருந்தது. யாரும் அதைக் குறைக்கவில்லை.

ஒரு மணிக்கு மேல் ஒரு மனிதர் தனியாக வந்தார். பெரிய உடம்பு, சலவைக்குப் போன கறுப்புக் கோட்டு, அதற்குள் தேய்ந்த வேலைச் சட்டை. அவரை நாரேக்குத் தெரியாது. படத்துக்கு இரண்டு முறை வணங்கினார். பிறகு முறைப்படி அவர்கள் பக்கம் திரும்பி மண்டியிட்டார். இன்தேயும் நாரேயும் எதிரே மண்டியிட்டுக் கைகளைத் தரையில் ஊன்றி, நெற்றியைத் தாழ்த்தினார்கள்.

“அம்மா கையால வாரம் ரெண்டு தடவை சாப்பிட்டிருக்கேன்” என்றார் அந்த மனிதர். “இந்த வருஷமும் அதே மாதிரிதான், நிமிர்ந்துகூடப் பாக்காம சாப்பிட்டுட்டுப் போனேன்.” கை ஊன்றி எழுந்தார்.

வணங்கியவர் எழுந்ததும் வீட்டாரும் எழவேண்டும். இன்தே எழவில்லை. அவன் நெற்றி தரையிலேயே இருந்தது. முதுகுக் கோட்டின் தையல் மட்டும் மெல்ல ஏறி இறங்கியது. நாரே தலையைத் திருப்பாமல் ஓரக்கண்ணால் அவன் கைகளைப் பார்த்தாள். கொதிநீரில் வெந்து தழும்பேறிய விரல்கள், தரைப்பாயின் ஓரத்தைப் பற்றியிருந்தன.

அவள் அவனைத் தொடவில்லை. எழுந்திருக்கவும் இல்லை.

அந்த மனிதர் கைகளைக் கோத்துக்கொண்டு காத்திருந்தார். எங்கே பார்ப்பதென்று தெரியாமல், கொஞ்ச நேரம் கழித்து, வாசலில் கலைந்து கிடந்த செருப்புகளைக் குனிந்து ஜோடி ஜோடியாகச் சேர்த்து வைக்கத் தொடங்கினார்.